பெடலை முதலில் திருப்பிப் பாருங்கள்

கடைக்காரர் கிட்டாருக்கான மல்டி எஃபெக்ட்ஸ் பெடலை, அதாவது காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை விதவிதமாக மாற்றுகிற பெட்டியை, கையில் கொடுத்ததும் எல்லாரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) மாடல் இருக்கிறது, எத்தனை எஃபெக்ட் இருக்கிறது, கலர் திரையா, தொட்டால் வேலை செய்யுமா என்று கேள்வி போகும். நான் சொல்வது, முதலில் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். சத்தம் வெளியே போகிற ஜாக் எப்படி, கரண்ட் உள்ளே வருகிற ஜாக் எப்படி என்று பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்து மேடையில் உங்கள் பெயர் நிற்பதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான். உள்ளே இருக்கிற ஒலிகள் இன்றைக்கு எந்தக் கம்பெனி பெட்டியிலும் கச்சேரிக்குப் போதுமான அளவு நன்றாகவே இருக்கின்றன.

என்னைப் பற்றி இரண்டு வரி. பகலில் வண்ணார்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடை. பங்குனி, சித்திரை, ஆடி என்று கோயில் கொடைத் திருவிழா நடக்கிற மாதங்களில் ராத்திரி மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். ஞாயிறு காலை பாளையங்கோட்டையில் சர்ச்சில் வாசிப்பு. நடுவில் கல்யாண ரிசப்ஷன்கள். கடையில் சால்டரிங் அயர்ன் எப்போதும் சூடாக இருப்பதால் பிற வாத்தியக்காரர்களின் பெடல்களும் என் மேஜைக்கு வந்து போகும். எது எங்கே உடைகிறது என்பது அப்படித்தான் எனக்குத் தெரியும்.

நம் மேடைகளில் கிட்டார் ஆம்ப் இருப்பது அபூர்வம். கொடைக்குப் பேசிய மைக் செட் அண்ணாச்சி மிக்சர், பவர் ஆம்ப்ளிஃபையர், ஆள் உயரப் பெட்டிகள், மேடைக்கு இரண்டு மூன்று மானிட்டர், இவ்வளவுதான் கொண்டுவருவார். கீபோர்டு, ரிதம் பேட், பேஸ், கிட்டார் எல்லாம் அந்த ஒரே மிக்சருக்குள் போக வேண்டும். "தம்பி, ஒனக்கு ஒரு லைன் தாரேன், எல்லாத்தையும் அதுக்குள்ள அடக்கிக்கோ" என்பார். அந்த ஒரு லைன் வழியாகத்தான் உங்கள் கிட்டார் ஊருக்குக் கேட்கப்போகிறது. பெடல் தேர்வு அங்கேயிருந்து தொடங்க வேண்டும்.

இதில் முக்கியமான சங்கதி கேபினெட் சிமுலேஷன், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி செய்கிற வேலையைப் பெடலே செய்வது. கிட்டாருக்கென்றே செய்த 12 இஞ்ச் ஸ்பீக்கர், சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிடும். டிஸ்டார்ஷன் போடும்போது எழுகிற கரகரப்பில் பாதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரே அதை வடிகட்டிவிடுவதால்தான் கிட்டார் ஆம்பில் லீட் கேட்கும்போது கொழுகொழுவென்று இருக்கிறது. மைக் செட் பெட்டியில் இருக்கிற ஹார்ன் அப்படி இல்லை. 15 கிலோஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் பாடும். வடிகட்டாத டிஸ்டார்ஷனை அதில் விட்டால் தகரக் கூரையை ரம்பத்தால் அறுப்பது போலக் கேட்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள். அண்ணாச்சி உங்கள் சானலை இறக்கிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் என்ன வாசித்தாலும் யாருக்கும் கேட்காது.

ஆகவே வாங்கும் பெடலில் கேபினெட் சிமுலேஷன் இருக்க வேண்டும், அதை மொத்தமாகப் போடவும் எடுக்கவும் ஓர் இடம் இருக்க வேண்டும். பாஸ் கம்பெனியின் ஜிடி-1 மாதிரியான பெட்டிகளில், பெடலை எதில் இணைக்கிறோம் என்று சொல்ல அவுட்புட் செலக்ட் என்று ஓர் அமைப்பு வரும். ஜேசி-120, காம்போ ஆம்ப், ஸ்டாக் ஆம்ப், லைன்/போன்ஸ் என்று அதில் தேர்வுகள். மிக்சருக்குப் போகிறவர்கள் லைன்/போன்ஸில் வைக்க வேண்டும். இதை மாற்றாமலே 'இந்தப் பெடல் சத்தம் சரியில்லை' என்று விற்க வந்தவர்கள் உண்டு. எப்போதாவது கல்லூரி விழாவில் நிஜ கிட்டார் ஆம்ப் வைத்திருப்பார்கள். அன்றைக்குச் சிமுலேஷனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பளிக்குள்ளிருந்து வாசிக்கிற சத்தம் வரும். ஐஆர் என்று சொல்கிறார்களே, அது ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் சேர்ந்து எப்படி ஒலித்தன என்பதன் சிறிய பதிவு. பெடலில் வெளியிலிருந்து ஐஆர் ஏற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அதற்காக வருத்தப்பட்டு பட்ஜெட்டை ஏற்ற வேண்டாம்.

கடையில் சோதிக்கும்போது அங்கே அழகாக வைத்திருக்கும் கிட்டார் ஆம்பில் போட்டுக் கேட்காதீர்கள். கீபோர்டு ஆம்பிலோ மைக் செட் பெட்டியிலோ போடச் சொல்லுங்கள். உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கொண்டுபோங்கள். அதிகக் கரகரப்பான பேட்ச் (பெடலில் சேமித்து வைத்த ஒலி அமைப்பு) ஒன்றை வைத்து, பெட்டிக்கு எதிரே பத்தடி தள்ளி நின்று மெல்லிய தந்தியை இழுத்து வாசியுங்கள். காது கூசினால் அடுத்த பெடலைப் பாருங்கள்.

முதுகில் அடுத்துப் பார்க்க வேண்டியது ஜாக்கின் வகை. மைக் கேபிள் குத்துகிற மூன்று முனை எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்கிறதா, கால் இஞ்ச் ஜாக் மட்டும்தானா? லைன் 6 கம்பெனியின் ஹீலிக்ஸ் எல்டி, பாஸ் ஜிடி-1000 மாதிரி பெரிய பெட்டிகளில் எக்ஸ்எல்ஆர் இருக்கும். சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் பாதகமில்லை, ஆனால் ஒரு டிஐ பாக்ஸ் வாங்கப் பணம் ஒதுக்குங்கள். சாதாரணக் கிட்டார் கேபிள் ஆறு மீட்டர் வரை சமர்த்தாக இருக்கும். கொடை மேடையில் மிக்சர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் இருக்கும். அவ்வளவு தூரம் அந்தக் கேபிளை இழுத்தால் வழியில் இருக்கிற எல்லா இரைச்சலையும் அள்ளிக்கொண்டு போய்ச் சேரும். டிஐ பாக்ஸ் அதை இரைச்சல் ஒட்டாத சமச்சீர் சிக்னலாக மாற்றி மைக் கேபிளில் அனுப்பிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, கரண்ட் தேவைப்படாத பேசிவ் வகையும் போதும், பெடலின் அவுட்புட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஹம் சத்தத்தைப் போக்குகிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

எக்ஸ்எல்ஆர் உள்ள பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சின்ன மிக்சர்களில், மைக்குக்குக் கேபிள் வழியே கரண்ட் அனுப்புகிற 48 வோல்ட் ஃபாண்டம் பவருக்கு எல்லா சானலுக்கும் சேர்த்து ஒரே பொத்தான் இருக்கும். புல்லாங்குழலுக்கோ தபேலாவுக்கோ கண்டென்சர் மைக் வைத்தால் அண்ணாச்சி அதை அமுக்கிவிடுவார். அந்த வோல்ட் உங்கள் பெடலின் அவுட்புட்டுக்கும் வரும். சில பெடல்கள் தாங்கும், சில தாங்காது. கையேட்டில் எழுதியிருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் டிஐ நடுவில் இருக்கட்டும், அது தடுத்துவிடும்.

ஸ்டீரியோ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. உங்களுக்குக் கிடைப்பது ஒரு லைன். எல்/மோனோ என்று எழுதியிருக்கும் ஜாக்கில் குத்துங்கள், பேட்ச் போடும்போதே மோனோவில் கேட்டுப் போடுங்கள். ஹெட்போனில் இடமும் வலமும் ஓடிய அழகான டிலே (எதிரொலி போலத் திரும்ப வரும் ஒலி), மேடையில் பாதிதான் வரும்.

இரைச்சலுக்கு வருகிறேன். கொடை மேடையில் சீரியல் செட், டிம்மர் போட்ட லைட், எல்.இ.டி. பார், பக்கத்திலேயே ஜெனரேட்டர். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பாகம்) பூட்டிய கிட்டார் இதையெல்லாம் பிடித்துக்கொண்டு உர்ரென்று இருக்கும். பெடலில் உள்ள நாய்ஸ் கேட் வாசிக்காத நேரத்தில் சத்தத்தை அடைக்கும், வாசிக்கும்போது அடைக்காது. கேட்டை ரொம்ப இறுக்கினால் நீட்டிப் பிடிக்கிற சுரம் பாதியில் அறுந்துபோகும். இரண்டு சுருள் சேர்ந்து இரைச்சலை அடக்குகிற ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார் கொண்டுபோவது எந்த கேட்டையும்விட நல்ல மருந்து.

உர்ரென்ற சத்தம் போவதற்காக யாராவது மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இது சத்தப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. உங்கள் அடாப்டர் இரண்டு பின் வகையாக இருந்தாலும் மிக்சரிலிருந்து வருகிற கேபிளின் வழியாகக் கிட்டார் தந்தி மிக்சரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மிக்சருக்கு எர்த் சரியில்லாமல், பாடகரின் மைக் வேறு கரண்ட் லைனில் ஓடும் மிக்சரிலிருந்து வந்தால், கோரஸ் பாட நீங்கள் மைக்கில் உதடு வைக்கும்போது ஷாக் அடிக்கும். டெஸ்டர் ஒன்று கிட்டார் பையிலேயே இருக்கட்டும். மேடை ஏறியதும் மைக்கின் வலையில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள், அவர் வந்து சரிசெய்யும்வரை எதையும் தொடாதீர்கள். ஹம்மைப் போக்க டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் போதும். அது சிக்னல் கம்பியின் தரையைத்தான் பிரிக்கிறது, கரண்ட் எர்த்தைத் தொடுவதில்லை.

இனி கரண்ட் ஜாக். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, நடுவில் மைனஸ். யமஹா கீபோர்டு அடாப்டர்கள் பல 12 வோல்ட், நடுவில் பிளஸ். இரண்டும் கறுப்பு, இரண்டும் மேடைக்குப் பின்னால் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் கிடக்கும், இருட்டில் யார் வேண்டுமானாலும் மாற்றிக் குத்தலாம். என் மேஜைக்கு வருகிற செத்த பெடல்களில் இந்தக் கதை அடிக்கடி கேட்பது. உங்கள் அடாப்டரில் சிவப்பு டேப் சுற்றுங்கள், பிளக்கிலும் முனையிலும். அப்புறம் ஆம்பியர். ஜிடி-1க்கு 200 மில்லி ஆம்பியர் போதும். ஜூம் ஜி1எக்ஸ் ஃபோருக்குக் கொடுக்கிற அடாப்டர் 500 மில்லி ஆம்பியர். லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் 3 ஆம்பியர் அடாப்டரோடு வருகிறது. அது தொலைந்தால் பொருட்காட்சிக் கடையில் வாங்கிய அடாப்டரை வைத்து ஓட்ட முடியாது. மாற்று அடாப்டர் ஒன்று எளிதில் கிடைக்கிற பெடலா என்பதையும் தேர்வில் ஒரு கணக்காக வையுங்கள். நாங்குநேரி தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் ராத்திரி பத்து மணிக்கு யார் கடை திறந்து வைத்திருப்பார்கள்?

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்தச் சில விநாடிகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பல்லவி நடுவில் எல்லாம் அணையும், சனம் ஓவென்று கத்தும், ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்ததும் பாடகர் விட்ட இடத்திலிருந்தே எடுத்துவிடுவார். ரிதம் பேட் எழுந்துவிடும், கீபோர்டு எழுந்துவிடும். உங்கள் பெடல் கம்பெனி லோகோவைக் காட்டிக்கொண்டு நிற்கும். கடையிலேயே ஒருமுறை அணைத்துப் போட்டு, முதல் சத்தம் வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். கணினி மாதிரி யோசிக்கிற பெரிய பெட்டிகள் நேரம் எடுக்கும். பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டிகளுக்கு இங்கே ஒரு தனி மரியாதை உண்டு. ஜிடி-1, ஜி1எக்ஸ் ஃபோர் இரண்டும் நான்கு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும். ஆல்கலைன் போட்டால் ஜிடி-1 ஏழு மணி நேரம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. பாஸ் எம்இ-80க்கு ஆறு பேட்டரி. பேட்டரியும் உள்ளே இருந்து அடாப்டரும் குத்தியிருக்கும்போது அடாப்டரைப் பிடுங்கினால் சத்தம் அறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அறாமல் தொடர்ந்தால் அந்தப் பெடல் கொடைக்கு என்றே பிறந்தது.

இப்போதுதான் முன்பக்கத்துக்கு வருகிறோம். அங்கேயும் திரையை விடுங்கள், ஸ்விட்சைப் பாருங்கள். கோயில் வாசலில் போட்ட மேடையில் நாம் செருப்பு போடுவதில்லை. சர்ச்சிலும் பல இடத்தில் அப்படித்தான். யூடியூபில் பெடல் காட்டுகிறவர்கள் எல்லாரும் ஷூ போட்டிருக்கிறார்கள். நீங்கள் வெறுங்காலில் மிதிக்கப்போகிறீர்கள். சில ஸ்விட்சுகள் ஸ்பிரிங் இறுக்கமான இரும்பு முளைகள், ராத்திரி முழுக்க மிதித்தால் கட்டைவிரலின் கீழ்ப்பக்கம் கன்றிப்போகும். சில அகலமான பெடல் மாதிரி, பாதத்தின் முன்பகுதியால் அமுக்கலாம். கடையில் வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மிதியுங்கள். பக்கத்து ஸ்விட்சில் கால்விரல் படுகிறதா? 'வா' (wah) பெடல் போல முன்னும் பின்னும் சாய்த்து மிதிக்கிற எக்ஸ்ப்ரெஷன் பெடல் வெறுங்காலுக்கு வழுக்குகிறதா? வியர்த்த காலுக்கு ரப்பர் பிடிமானம் வேண்டும்.

ஸ்விட்ச் எத்தனை வேண்டும் என்று கேட்டால், மூன்றில் காலம் தள்ளலாம், ஐந்து இருந்தால் நிம்மதி. ஜிடி-1இல் மூன்றும் ஒரு எக்ஸ்ப்ரெஷன் பெடலும் உண்டு, வெளியிலிருந்து ஸ்விட்ச் சேர்க்கவும் ஜாக் இருக்கிறது. ஹெச்எக்ஸ் ஸ்டாம்பில் மூன்று, எக்ஸ்ப்ரெஷன் பெடல் தனியாக வாங்க வேண்டும். லைன் 6 பாட் கோவில் எட்டு ஸ்விட்சும் பெடலும் சேர்ந்தே வருகின்றன.

ஸ்விட்ச் எண்ணிக்கையைவிட அது என்ன செய்கிறது என்பது பெரிது. பேட்சிலிருந்து பேட்சுக்கு மாறும்போது பல பெடல்களில் ஒரு கணம் சத்தம் அறும். சரணம் முடிந்து லீட் எடுக்கிற முதல் சுரமே அந்தப் பள்ளத்தில் விழுந்துபோகும். கடையில் இதைக் கண்டுபிடிக்க, ஒரு கார்டை மீட்டி ஒலிக்க விட்டு ஸ்விட்சை மிதியுங்கள். வெட்டு கேட்டால் அந்தப் பெடலில் பேட்ச் மாற்றுவதைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்குள்ளே, ஒரே பேட்சில் இருந்துகொண்டு டிரைவ், டிலே, கோரஸ் ஆகிய எஃபெக்ட்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கிற ஸ்டாம்ப் முறைதான் சரி. லைன் 6 பெட்டிகளில் ஸ்னாப்ஷாட் என்று ஒன்று உண்டு, ஒரே பேட்சுக்குள் பல நிலைகளை வெட்டில்லாமல் மாற்றலாம், டிலேயின் வாலும் அறுபடாது. இந்த ஒரு வசதிக்காகவே அதிகப் பணம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். எண்பது எஃபெக்ட் கூடுதலாக இருப்பதற்காகக் கொடுக்க மாட்டேன்.

எந்த ஒலிகள் நிஜமாக வேண்டும்? கொடைக் கச்சேரி என்றால் எண்பதுகளின் பாட்டிலிருந்து போன மாதம் வந்த பாட்டுவரை வரும். கோரஸ் சேர்ந்த சுத்தமான கிளீன் ஒன்று, உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கிற ரிதமுக்கு இறுக்கமான கிளீன் ஒன்று, வா, டிலேயோடு ஒரு லீட், கொஞ்சம் கடுமையான டிஸ்டார்ஷன் ஒன்று. அதோடு அகூஸ்டிக் சிமுலேட்டர். இதை ஏனோ யாரும் கேட்டு வாங்குவதில்லை. நம் சினிமாப் பாட்டில் பாதிக்கு மேல் அகூஸ்டிக் கிட்டார்தான். மேடையில் இரண்டு கிட்டார் மாற்ற நேரமில்லை. எலெக்ட்ரிக்கையே அகூஸ்டிக்காக ஒலிக்க வைக்கும் அந்த எஃபெக்ட் பெடலுக்குப் பெடல் தரம் மாறும், கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

சர்ச்சில் தேவை வேறு. வால்யூமை மெல்ல ஏற்றி மேகம் மாதிரி பரப்புவது, புள்ளி வைத்த எட்டாம் டிலே (முக்கால் தட்டு இடைவெளியில் திரும்ப வருவது). டெம்போ நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் அந்த டிலே 375 மில்லி செகண்ட். பாட்டுக்குப் பாட்டு இதைத் திரையில் திருகிக்கொண்டிருக்க முடியாது, காலால் தட்டி டெம்போ கொடுக்கிற டேப் டெம்போ ஸ்விட்ச் வேண்டும். வால்யூமுக்கு எக்ஸ்ப்ரெஷன் பெடல் வேண்டும்.

இரண்டு இடத்திலும் வரும் தொல்லை சுருதி மாற்றம். பாடகி மேடையிலேயே திரும்பி, "அண்ணே, அரைக்கட்டை எறக்கிருங்க" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார். கிட்டார் கழுத்தில் தந்திகளை அமுக்கிப் பிடிக்க மாட்டுகிற கேப்போ ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. ஓபன் தந்தி வைத்து வாசிக்கிற பாட்டென்றால் திண்டாட்டம். மொத்தக் கிட்டாரையும் அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்குகிற பாலிஃபோனிக் பிட்ச் எஃபெக்ட் சில பெடல்களில் இருக்கிறது. ஹீலிக்ஸ் வகைப் பெட்டிகளுக்கு 2020இல் வந்த 3.0 அப்டேட்டில் பாலி கேப்போ என்று வந்தது. சாதாரண பிட்ச் ஷிஃப்டரில் ஒற்றைத் தந்தி சரியாக வரும், ஆறு தந்தி கார்டு அடித்தால் குழம்பிப்போகும். கடையில் முழு கார்டு அடித்துப் பாருங்கள். கை அடித்த பிறகு சத்தம் தாமதமாக வருவதாகத் தோன்றினாலும் வேண்டாம்.

எந்தப் பெடல் வாங்கினாலும், கம்பெனி போட்டுத்தருகிற பேட்சுகள் வீட்டில் ஹெட்போனில் அசத்தவே செய்யப்பட்டவை. மெதுவான சத்தத்தில் நம் காதுக்கு அடியும் உச்சியும் குறைவாகக் கேட்கும், ஆகவே அவற்றைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து சொன்ன விஷயம் இது. அதே பேட்ச் மேடைச் சத்தத்தில் அடியில் முழங்கும், உச்சியில் குத்தும், நடுவில் ஆளே இருக்காது. கிட்டாரின் இடம் நடுவில்தான். கீழே பேஸ், மேலே சிம்பல், இடையில் உங்களுக்கு உள்ள இடைவெளியை விட்டுவிட்டால் கீபோர்டு நிரப்பிவிடும். குளோபல் ஈகியூ (ஒலியின் அடி, நடு, உச்சியைக் கூட்டிக் குறைக்கிற பொது அமைப்பு) உள்ள பெடலாக இருந்தால் ஒரே இடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடலாம், எல்லாப் பேட்சுக்கும் சேரும். ரிவெர்பை முக்கால்வாசி எடுத்துவிடுங்கள். தெரு முக்குக்கு முக்கு பெட்டி கட்டியிருக்கிற ஊரில் எதிரொலி தானாகவே வரும். லீடுக்கு மட்டும் 4 டெசிபல் கூட்டி ஒரு பூஸ்ட் வையுங்கள். லீட் வரும்போது அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருப்பார்.

பேட்ச்களைப் பாட்டு வாரியாக அடுக்காதீர்கள், ஒலி வாரியாக அடுக்குங்கள். பாட்டு வரிசை எழுதிய தாளை நம்பவும் வேண்டாம். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையையே உருட்டுகிற காற்று, உங்கள் தாளை விட்டுவைக்குமா.

பெயர் சொல்லிக் கேட்டால் என் தேர்வு இது. முதல் பெடல், கை இறுக்கம் என்றால் ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர். பேட்டரி, எக்ஸ்ப்ரெஷன் பெடல் எல்லாம் உண்டு. அவுட்புட்டும் ஹெட்போனும் ஒரே ஜாக், ஸ்விட்சுகள் நெருக்கம், அது தெரிந்து வாங்குங்கள். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஜிடி-1. 2016இல் வந்த பழைய பெட்டிதான், பையில் போட்டு பைக்கில் கொண்டுபோகலாம். மெனுவுக்குள் நுழைந்து தேட விருப்பமில்லாதவர்களுக்கு எம்இ-80 அல்லது 2023இல் வந்த எம்இ-90. குமிழ்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும், குனிந்து திருகினால் முடிந்தது. கூட்டத்திலிருந்து சீட்டு எழுதி வருகிற நேயர் விருப்பத்துக்கு இதுதான் தோது. மாதம் தவறாமல் கச்சேரி இருக்கிறது, வாசிப்பே பிழைப்பு என்றால் பாட் கோ, அல்லது ஹெச்எக்ஸ் ஸ்டாம்போடு ஒரு எக்ஸ்ப்ரெஷன் பெடல். நக்ஸ், மூவர், வேல்டன் மாதிரி சீனக் கம்பெனிப் பெட்டிகள் கொடுக்கிற காசுக்கு நிறையத் தருகின்றன, ஒலியில் குறை சொல்ல முடியாது. வாங்குமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாளில் வரும்?

திருநெல்வேலியில் கிடைக்காவிட்டால் மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போய்த் தொட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. ஆன்லைனில் வாங்கினால் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், வாரண்டிக்கு அது இல்லாமல் ஆகாது. செகண்ட் ஹேண்ட் என்றால் எக்ஸ்ப்ரெஷன் பெடலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி வால்யூம் துள்ளுகிறதா என்று பாருங்கள். ஜாக்கில் கேபிளைக் குத்தி லேசாக ஆட்டுங்கள், கரகரத்தால் சால்டர் விட்டிருக்கிறது, விலையைக் குறைக்கலாம். உவரி, இடிந்தகரை மாதிரி கடற்கரை ஊர்களில் அதிகம் ஓடிய பெடல் என்றால் ஜாக்குகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தால் வேண்டாம்.

மொத்தப் பணத்தையும் பெடலுக்கே போட்டுவிடாதீர்கள். டிஐ பாக்ஸ், நல்ல கேபிள் இரண்டு, மாற்று அடாப்டர், எர்த் உள்ள சொந்த ஜங்ஷன் பாக்ஸ் இவற்றுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு என்ன பெடல் வருகிறதோ அதை வாங்குங்கள். வாங்கி வந்த அன்றே யூஎஸ்பியில் கணினியோடு இணைத்து, உங்கள் பேட்ச்களைச் சேமித்து வைக்கப் பழகுங்கள். ஃபர்ம்வேர் (பெடலின் உள் மென்பொருள்) அப்டேட் வந்திருக்கிறது என்று மென்பொருள் அழைத்தால் ஆடியிலோ தசரா நேரத்திலோ கை வைக்காதீர்கள். சில அப்டேட்டுகளுக்குப் பிறகு பேட்ச்களைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும், சத்த அளவுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் கச்சேரி இல்லாத ஒரு வாரம் கிடைக்கும், அப்போது செய்துகொள்ளலாம்.